இன்ஸ்பெக்டருக்குத் தண்ணி ஊத்தணும்

அந்த வீட்டில் முறையான மரியாதை கிடைத்துக்கொண்டிருந்த ஒரே ஆண் ஒரு பூனை. பெயர் இன்ஸ்பெக்டர். கடையிலிருந்து எந்தப் பை வந்தாலும் முதலில் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார், திருப்தி என்றால்தான் நகர்ந்து வழி விடுவார். அதனால் அந்தப் பெயர். வீட்டின் பதின்மூன்று வயதுப் பெண் அவரிடம் "வாங்க", "சாப்பிட்டீங்களா", "இன்னிக்கு ஏன் உம்முனு இருக்கீங்க" என்றுதான் பேசுவாள். அதே சோபாவின் மறுகோடியில் உட்காரும் நாற்பத்திரண்டு வயது ஆளை அவள் எட்டு மாதமாக எதுவுமே கூப்பிட்டதில்லை.

அந்த ஆளுக்குத் தொழில் வாட்டர் சர்வீஸ். பெரிய சாலையின் திருப்பத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், ஒரு பம்பு, இரண்டு நீளக் குழாய், வண்டி ஏற்ற ஒரு சிமெண்ட் மேடை. ஸ்கூட்டரிலிருந்து டூரிஸ்ட் பஸ் வரை எது வந்தாலும் கழுவித் தருவார். எப்பேர்ப்பட்ட அழுக்கும் நுரை கூடினால் போய்விடும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி என்று எதுவும் இருக்கவில்லை. ஷெட்டில் இருந்த இன்னொரு ஆள் பம்பை ஓட்டுகிற பெரியவர், அவர் எதற்கும் தலையாட்டுவார். இப்படியாக முதலாளிக்கு நுரை என்றும் வேலையாளுக்குப் பம்பு என்றும் பெயர் நிலைத்துப்போயிற்று.

நுரை கல்யாணம் செய்துகொண்டது பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து, பயந்துகொண்டே வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் பெண்மணியை. அவளுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பெண், அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு பூனை. அப்பா என்கிற சொல் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் இவர்களைக் கை கழுவிவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார், சொல்லை மட்டும் திருப்பித் தரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போன் செய்வார், பெரும்பாலும் மறுநாள். சரி, இவரை அங்கிள் என்றாவது கூப்பிடேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "வேன் ஓட்டுறவர் அங்கிள், கடைக்காரர் அங்கிள், இவரும் அங்கிளா?" என்று கேட்டுவிட்டாள் பெண். அன்று முழுவதும் நுரைக்குத் தலைகால் புரியவில்லை. அங்கிளைவிடப் பெரிய பதவி ஏதோ தனக்காகத் தயாராகிறது என்று நினைத்தார். எட்டு மாதமாகப் பதவி தயாராகிக்கொண்டே இருந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனுஷனை எப்படிக் கூப்பிடாமலே இருக்க முடியும் என்று கேட்கலாம். தமிழில் முடியும். "கதவைத் திறக்கணும்" என்பாள். யார் திறக்கணும் என்று சொல்ல மாட்டாள். "ஸ்கூலுக்கு லேட்டாகுது." "அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க." "இந்த ஃபார்ம்ல கையெழுத்து வேணும்." நீ என்று சொன்னால் மரியாதைக் குறைவு, நீங்க என்று சொன்னால் மரியாதை. இரண்டும் வேண்டாம் என்று அவள் ஒரு 'ணும்' போட்டு நடுவில் நடந்து போய்விடுவாள். வாத்தியார் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். நுரைக்கு வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை, இரண்டு பஸ்ஸைக் கூடுதல் நுரை போட்டுக் கழுவினார்.

அந்தப் பெண் நீச்சல் போட்டிக்காக மூன்று நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அம்மாவும் கூடப் போனாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, வேறு வழியில்லாமல், நுரையின் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பும்போது பெண் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். "இதுல எல்லாம் எழுதியிருக்கு," என்று குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னாள்.

"பூனைதானே, சமாளிச்சுக்குவீங்க," என்று மனைவி நுரையின் தோளைத் தட்டினாள்.

"பூனைதானேன்னா? என்ன பேசுற நீ?" என்றார் நுரை, பெண்ணின் காதில் விழும்படியாக. பெண் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் அவர் அந்தக் காகிதத்தை வேலை நியமன உத்தரவைப் படிப்பதுபோல் நின்றபடியே படித்தார்.

இன்ஸ்பெக்டருக்கு:
1. காலையில ஒரு கப், சாயங்காலம் ஒரு கப் சாப்பாடு போடணும்.
2. மண் தட்டைச் சுத்தம் பண்ணணும்.
3. தினமும் தண்ணி ஊத்தணும். மறக்கவே கூடாது.
4. வயித்தைத் தொடக் கூடாது.
5. கதவைத் திறந்து போடக் கூடாது.

மேலே 'டியர்' இல்லை, கீழே 'நன்றி' இல்லை. ஐந்து வரியும் அவருக்காக எழுதப்பட்டவை, ஐந்திலும் அவர் இல்லை. ஆனாலும் ஒரு பெண் தன் உயிரையே இவரிடம் விட்டுப் போயிருக்கிறாள் என்று நுரை அந்தக் காகிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். இந்த மூன்று நாளை ஒழுங்காக முடித்துவிட்டால் நான்காவது நாள் ஏதாவது ஒரு பெயரில் தன்னைக் கூப்பிட்டுவிடுவாள் என்று மனக்கணக்குப் போட்டார். முதல் வேலையாக ஐந்தாவது உத்தரவை நிறைவேற்றினார். வாசல் கதவு, பால்கனிக் கதவு, அப்புறம் பெண்ணின் அறைக் கதவு. அந்த அறைக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை. வயசுக்கு வருகிற பெண்ணின் அறை திறந்து கிடக்கக் கூடாது என்று, உள்ளே பார்க்காமலே கையை மட்டும் நீட்டி இழுத்துச் சாத்தினார். நாகரிகமான மனிதர்.

சாப்பாடு போட்டார், இன்ஸ்பெக்டர் வெளிக்குப் போகும் மண் தட்டைச் சுத்தம் செய்தார். மூன்றாவது வரியில்தான் நின்றார். தினமும் தண்ணி ஊத்தணும். மறக்கவே கூடாது.

மதியம் ஷெட்டில் போனில் எடுத்த படத்தைப் பம்பிடம் காட்டினார்.

"பூனைக்குத் தண்ணி ஊத்துறதா?" பம்பு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நாங்க கொழந்தைக்குத்தான் தண்ணி ஊத்துறதுனு சொல்வோம். 'கொழந்தைக்குத் தண்ணி ஊத்தியாச்சா'னு கேப்பாங்கல்ல?"

"அதேதான்ணே. அவளுக்கு அது கொழந்தை மாதிரி."

"அப்ப தெனமும் குளிக்குதா?"

"மறக்கவே கூடாதுனு போட்டிருக்கா பாருங்க."

"நாமகூட அவ்வளவு சுத்தம் இல்லப்பா," என்று பம்பு ஒத்துக்கொண்டார்.

இருபது வருஷமாகத் தண்ணீரோடு புழங்கும் இரண்டு நிபுணர்கள் கலந்து பேசி எடுத்த முடிவு இது. தண்ணீரை ஒரு பாத்திரத்திலும் ஊற்றலாம் என்ற எண்ணம் இருவரில் ஒருவர் தலையிலும் உதிக்கவில்லை. தொழில் அப்படி. பம்பு ஒரு சின்ன பாட்டிலில் ஷாம்பு பிடித்துக் கொடுத்தார், வெள்ளை வண்டிகளுக்குப் போடுவது, எலுமிச்சை வாசனை. "கடைசியில கொஞ்சம் மெழுகுப் பாலிஷ் போட்டா பளபளனு இருக்கும்," என்றும் சொன்னார். அது வேண்டாம் என்று நுரை மறுத்துவிட்டார். எதற்கும் ஓர் அளவு உண்டு இல்லையா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், இன்ஸ்பெக்டர் குளியலறை வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். சாதாரணக் கத்தல் இல்லை, கதவைக் கால் நகத்தால் பிறாண்டிப் பிறாண்டிக் கத்தல். நுரை பூரித்துப்போனார். "என்னா பழக்கம் பாருங்க, நேரமாச்சுனு தானே வந்து நிக்கிறாரு!" கதவைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் பாய்ந்து உள்ளே போய், பாதி நிறைந்திருந்த பக்கெட்டின் விளிம்பில் முன்கால்களை வைத்துக் கழுத்தை நீட்டித் தண்ணீரை நக்கினார். நிறுத்தாமல் நக்கினார். குளிக்கும் முன் தண்ணீரைப் பரிசோதிக்கிறார், பேருக்கேற்ற வேலை என்று நுரை மெச்சிக்கொண்டார்.

வாட்டர் சர்வீஸில் ஒரு வரிசை உண்டு. முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குவது. அப்புறம் நுரை. அப்புறம் மேலிருந்து கீழாகத் தேய்ப்பு, சக்கரம் கடைசி. அப்புறம் அலசல், அப்புறம் காற்று. நுரை குளியலறைக் கதவைத் தாழிட்டு, கைக்குழாயை எடுத்து, முதல் கட்டத்தை ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் நடந்ததில் வரிசை என்று ஒன்று இருக்கவில்லை. குழாய் சீறிய சத்தத்திலேயே இன்ஸ்பெக்டர் சுவரில் ஏறினார். சுவரில் ஏற முடியாது என்பதால் நுரையின் மேல் ஏறினார். ஏறிய வழியிலேயே இறங்கினார். நுரை விடவில்லை. பஸ்ஸைக் கழுவியவர் பூனைக்குப் பின்வாங்குவதா? ஒரு கையால் அமுக்கிப் பிடித்து மறு கையால் ஷாம்பு ஊற்றினார். எவ்வளவு ஊற்றினார் என்பதற்குப் பாட்டில் காலியாகிக் கிடந்ததே சாட்சி. நாலாவது உத்தரவை மதித்து அடிப்பாகத்தை மட்டும் விட்டுவிட்டார். மூன்று தடவை கையிலிருந்து நழுவித் தண்ணி காட்டிய இன்ஸ்பெக்டர் கடைசியில் கழிப்பிடத் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் உறுமினார். அரைகுறையாக அலசி, மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியைப் போட்டுக் காற்று அடித்தபோதுதான் உண்மையான சண்டையே தொடங்கியது. கதவைத் திறந்துவிட்டதும் பாதி அளவாகச் சுருங்கிப்போன இன்ஸ்பெக்டர் கூடத்தைத் தாண்டி, படுக்கையறை அலமாரியின் உச்சிக்கு ஏறினார். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முறிந்தது.

நுரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். கழுத்தில் நாலு கோடு, முன்கையில் ஒன்பது, காதில் ஒன்று. 'இதைத் தினமும் அந்தச் சின்னப் பெண் செய்கிறாளே, ஒரு கீறல்கூட அவள் கையில் பார்த்ததில்லையே' என்று வியந்தார். அங்கேயாவது கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். மனிதர் வியந்ததோடு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை அலமாரி உச்சியிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. விடாமல் தன்னைத்தானே நக்கிக்கொண்டிருந்தார், முதுகு, தோள், வால், மறுபடி முதுகு. நுரை நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தபோது வாயோரம் எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக் கப்பைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே காகிதத்தில் 'தினமும்' என்று இருந்தது, அன்றைய குளியல் பாக்கி. நுரை குளியலறைப் பக்கம் போகவில்லை. ஷெட்டுக்கும் போகவில்லை. துண்டைப் போட்டு இன்ஸ்பெக்டரைச் சுருட்டி, ஷெட் சாமான் வைக்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடையில் வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த மிருக டாக்டரிடம் ஓடினார்.

காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, இங்க இவ கேக்கறா. இன்ஸ்பெக்டர் சாப்பிட்டாரானு."

நுரை மடியிலிருந்த கூடையைப் பார்த்தார். "ம்... சாப்பிட்டாரு. நல்லா சாப்பிட்டாரு."

பக்கத்து நாற்காலிக்கடியில் இருந்த நாய் ஒன்று அந்த நேரம் பார்த்துக் குரைத்தது.

"என்னங்க, நாய் சத்தம் கேக்குது?"

"பக்கத்து வீட்ல."

"பக்கத்து வீட்ல ஏதுங்க நாய்?"

"நேத்து வாங்கிட்டு வந்தாங்க," என்றார் நுரை. நாய் மறுபடி குரைத்தது. "பெரிய நாய்."

பொய்யில் அவருக்குப் பழக்கம் போதாது, தேவைக்கு மேல் அளந்துவிட்டார். அந்தப் பெண் எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அம்மா வழியாகத்தான் என்றாலும். அதற்கு அவர் கொடுத்த பதில் இது.

டாக்டரம்மா குட்டையான ஆள், கையில் பழைய கீறல் தழும்புகள் நிறைய இருந்தன. இன்ஸ்பெக்டரை மேஜைமேல் எடுத்து வைத்து, முகத்தைக் குனிந்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார்.

"பூனை ஏன் கார் மாதிரி மணக்குது?"

நுரை சொன்னார். முழுவதும் சொன்னார். மண் இறக்குவது, நுரை, தேய்ப்பு, காற்று. தொழில்காரர் என்பதால் விவரமாகவே சொன்னார். டாக்டரம்மா நடுவில் ஒரு இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பூனை நாள் முழுக்கத் தன்னைத் தானே நக்கிக் குளிச்சுக்கும். அதோட நாக்கே சீப்பு, நாக்கே சோப்பு. இப்ப உங்க வண்டி ஷாம்பு பூரா அதோட வாய்க்குள்ள போயிட்டிருக்கு. அதான் எச்சில். எலுமிச்சை வேற. யாரு சார் உங்களைக் குளிப்பாட்டச் சொன்னது?"

"எழுதியே குடுத்துட்டுப் போயிருக்கா டாக்டர்." போனில் படத்தை எடுத்து நீட்டினார். தன் பக்கம் எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது என்ற தெம்பு அந்தக் கையில் இருந்தது.

டாக்டரம்மா படித்தார். நுரையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"தண்ணி ஊத்தணும்னு இருக்கு."

"ஆமா."

"கிண்ணத்துல."

நுரை போனைத் தன் பக்கம் திருப்பி மூன்றாவது வரியைப் படித்தார்.

"குடிக்க," என்றார் டாக்டரம்மா, இன்னும் மெதுவாக. "வீட்ல அதோட தண்ணிக் கிண்ணம் எங்க இருக்கு?"

நுரை சமையலறையை மனசுக்குள் சுற்றி வந்தார். இல்லை. கூடம், பால்கனி, இல்லை. அப்புறம் தான் கை மட்டும் நீட்டிச் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. குளியலறை வாசலில் உட்கார்ந்து கத்தின கத்தல் ஞாபகம் வந்தது, பக்கெட்டில் கழுத்தை நீட்டி நக்கின நக்கல் ஞாபகம் வந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட ஜீவனைப் பிடித்து அதே தண்ணீரில் அமுக்கியிருக்கிறார்.

"நான் ஒரு மடையன் டாக்டர்," என்றார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தெரியவில்லை.

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப சட்டைக் கையை மடிச்சு விடுங்க. இதைத் திரும்பக் கழுவி எடுக்கணும். இந்தத் தடவை நான் சொல்ற மாதிரி."

டாக்டரம்மா அகலமான தொட்டியில் நாலு விரல் ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தார். வழுக்காமல் நிற்க அடியில் ஒரு துண்டு விரித்தார். குழாயை இறுக்கி மூடினார். "சீறுற சத்தமே கூடாது. குவளையால மெதுவா. கழுத்துக்குக் கீழ மட்டும். மூஞ்சிக்கு ஈரத் துணி போதும், காதுக்குள்ள ஒரு சொட்டுப் போகக் கூடாது. நுரை வேணாம்." கடைசி வார்த்தையில் நுரை நிமிர்ந்து பார்த்தார். "பேசிக்கிட்டே இருங்க. என்ன பேசுறீங்கங்கறது முக்கியமில்ல, குரல் முக்கியம்."

என்ன பேசுவது என்று தெரியாமல் நுரை இன்ஸ்பெக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். "தெரியாமப் பண்ணிட்டேங்க. நீங்க கேட்டது எனக்குப் புரியலங்க. ஒரு தடவை விட்டுக் குடுங்க." நாற்பத்திரண்டு வயதில் ஒரு பூனையை வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு 'ங்க'வும் உள்ளே இருந்து வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தொட்டியில் கல்லாக நின்றார். கடைசியில் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து உலர்த்தச் சொன்னார் டாக்டரம்மா. மதியம் வரை அங்கேயே வைத்துப் பார்த்து, எச்சில் நின்றதும், பயமில்லை என்று அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நுரை அந்த அறைக் கதவைத் திறந்தார். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கிண்ணம், வெள்ளி காலை ஊற்றின தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. அதைக் கொட்டி, கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினார். இன்ஸ்பெக்டர் வந்து குடித்தார். நுரை வாசற்படியைத் தாண்டாமல் வெளியே தரையில் உட்கார்ந்து, அந்த நாக்குச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டார்.

ஞாயிறு காலை ஷெட்டில் பம்பு யோசனை சொன்னார். "எதுக்குச் சொல்லிக்கிட்டு? சாப்பிடுது, ஓடுது, ஆடுது. வாசனைதானே, ரெண்டு நாள்ல போயிடும். கேட்டா, உன் பொண்டாட்டி புது சோப்பு வாங்கிச்சுனு சொல்லுப்பா."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. கழுத்துக் கீறலுக்கு முழுக்கைச் சட்டையில் காலர் பொத்தானைப் போடலாம். காதுக்கு, கொசுக்கடி. நாய்க்கு, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மதியம் வரை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்தார். சேரச் சேர அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதர் ஏற்கெனவே அந்தப் பெண்ணிடம் தேதி தப்பித் தப்பி, சாக்குச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார், அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் வேண்டாம் என்று தோன்றியது. போனால் போகட்டும், அவள் ஆயுசுக்கும் ஒன்றும் கூப்பிடாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. திறந்தார். பெண் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். பின்னால் பைகளோடு நின்ற மனைவி, நாலு விரலைக் காட்டி, உதட்டில் ஒரு விரலை வைத்தாள். நாலாவது இடம், வாயைத் திறக்காதீர்கள் என்று அர்த்தம். மெடல் மூன்று பேருக்குத்தான். எட்டு மாதமாக மூடச் சொன்னபோதெல்லாம் வாயை மூடிய மனிதர் சரியாக அப்போதுதான் திறந்தார்.

"இன்ஸ்பெக்டரை நான் குளிப்பாட்டிட்டேன்."

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த பெண் ஒற்றைக் காலில் நின்றாள். "என்ன?"

"தண்ணி ஊத்தணும்னு எழுதியிருந்தேல்ல. நான் அவர் மேல ஊத்திட்டேன். ஷெட்ல இருக்கிற வண்டி ஷாம்புவைப் போட்டுட்டேன். அம்மாவோட டிரையரையும் போட்டேன். எச்சில் வடிஞ்சுது, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். போன்ல சாப்பிட்டாருனு சொன்னது பொய். பக்கத்து வீட்ல நாய் எதுவும் வாங்கல, அது டாக்டர்கிட்ட வந்திருந்த நாய். உன் ரூம் கதவைச் சாத்தினதும் நான்தான். உள்ள கிண்ணம் இருந்தது எனக்குத் தெரியாது. அவர் தாகத்துக்குக் கத்தியிருக்காரு, நான் குளிக்கக் கூப்பிடுறாருனு நெனச்சுட்டேன். இப்ப நல்லா இருக்காரு. ஆனா என் தப்புதான், எல்லாமே."

மூச்சு வாங்கியது. மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

பெண் ஒரு ஷூவோடு கூடத்துக்குப் போனாள். சோபாவில் படுத்திருந்த இன்ஸ்பெக்டரைத் தூக்கினாள், தூக்கி, யாரும் தொடக் கூடாத அந்த வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். அப்படியே நின்றாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நுரை இடிந்துபோனார். கதவுப்பக்கம் ஒதுங்கி நின்றார்.

"கார் வாசனை வருது," என்றாள் வயிற்றுக்குள்ளிருந்து.

"மெழுகுப் பாலிஷ் போடல," என்றார் நுரை. தன் பக்கம் சொல்ல அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பெண் முகத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் கோணிக்கொண்டு போனது. "அது வேற போடுறதா இருந்துச்சா?"

"பம்பு சொன்னாரு. நான்தான் பூனைக்கு அதெல்லாம் அதிகம்னு..."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. பூனையோடு சோபாவில் விழுந்து சிரித்தாள். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொண்டு குதித்து ஓடினார். நாலாவது இடம், மூன்று நாள் அலுப்பு, எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது, நடுநடுவே அழுகையாகவும் வந்தது. கழுத்துக் கோடுகளைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"லூசாப்பா நீங்க?"

மனைவி பையை மெதுவாகக் கீழே வைத்தாள். குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பி, அங்கே ஒட்டியிருந்த ஐந்து வரியைத் தேவையில்லாமல் நெடுநேரம் படித்தாள்.

நுரை அந்தச் சொல்லை மனசுக்குள் பிரித்துப் பார்த்தார். லூசாப்பா. அதற்குள் அப்பா இருக்கிறாரா, வெறும் 'ப்பா' இருக்கிறதா? அந்த வெறும் 'ப்பா' யாருக்கும் கிடைக்கும். பம்பு அவரிடமே நாளுக்கு நூறு 'ப்பா' போடுவார். ஆனால் பின்னாலேயே ஒரு 'நீங்க' வந்திருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எழுதிக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். கேட்டாலே போதும். நியாயமாகப் பார்த்தால், வெள்ளிக்கிழமை காலை கேட்காமல் விட்டதற்குப் பட்ட பாட்டுக்கு, இனிமேல் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியவர் அவர்.

கேட்கவில்லை.

பெண் அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்ஸ்பெக்டருக்குத் தண்ணி ஊத்துங்க." ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. "கிண்ணத்துல!"

"இதோ," என்றார் நுரை. கிண்ணத்தை எடுத்துக் குழாயடியில் பிடித்து, குழாய் சீறாமல், ஒரு குமிழிகூட எழாமல் மெதுவாகத் திறந்தார்.